சர்க்கார் கொடுத்த வக்கீல்

தம்பி,

பொங்கலுக்கு வந்துவிட்டு நீ ரயிலேறிப் போனதிலிருந்து உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "புள்ளை ஏதோ ஆபீஸ் விஷயம் சொன்னான். அதுக்குப் போயி பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு எழுந்திரிச்சிட்டீங்க. அவன் முகம் எப்படிச் சுண்டிப்போச்சு, பாத்தீங்களா?" என்று இன்று காலையிலும் கேட்டாள். ஜங்ஷனில் வண்டி கிளம்பும்வரை நீ ஜன்னலோரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாததால்தான் வாயை மூடிக்கொண்டேன். வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். பொறுமையாகப் படி.

நீ சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாய். "கொலைக் கேஸ்ல வக்கீல் வெக்க வழியில்லாத ஆளுங்களுக்கு கவர்ன்மெண்டே வக்கீல் வெக்குதுப்பா. அந்தச் செலவைக் குறைக்க முடியுமான்னு குறிப்பு எழுதச் சொல்லியிருக்காங்க. பெரும்பாலும் தண்டனைதான் ஆவுது. தண்டனை ஆவப்போற ஆளுக்கு வக்கீல் எதுக்குன்னு எங்க சூப்ரண்டு கேக்கிறாரு. யோசிச்சுப் பாத்தா எனக்கும் நியாயமாத்தான் படுது." அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். உனக்கு அந்தப் பார்வை புரிந்திருக்காது. நான் கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தது உனக்குத் தெரியும். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. "தப்பா புடிச்சிட்டுப் போனாங்க, அப்பறம் விட்டுட்டாங்க" என்று அம்மா சொன்னதோடு அந்தக் கதை நம் வீட்டில் முடிந்துபோனது. பிடித்ததற்கும் விட்டதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மெட்ராஸ் கோட்டையில் உட்கார்ந்து நீ எழுதப்போகும் குறிப்பு அந்த நடுப் பகுதியைப் பற்றியதுதான்.

அப்போது நான் காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். சோலை என்று ஒருவன் அதே மண்டியில் தார் இறக்குவான். முரடன், ஆனால் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் மத்தியானம் லாரியிலிருந்து தார் இறக்கும்போது எனக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு வந்தது. நான் ஏதோ சொல்லப்போக, அவன் ஓங்கி என் மூக்கில் குத்திவிட்டான். ரத்தம் கொட்டியது. சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. "உன்னை விடமாட்டேன்டா" என்று கத்தினேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அடிபட்டவன் எவனும் கத்தக்கூடிய வார்த்தைதான் அது. அதையே பின்னால் ஆறு பேர் கூண்டில் ஏறி வரிசையாகச் சொன்னபோது எனக்கே பயமாக இருந்தது.

முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். சிங்காரத்தோப்பு வழியாக நடந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருவானைக்காவல் வந்தேன். ரத்தம் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா பயந்துவிடுவாள் என்று கடைத்தெருவில் இருந்த சின்ன டிஸ்பென்சரிக்குள் நுழைந்தேன். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் காதர் பாய்தான் இருந்தார். மூக்கில் பஞ்சை வைத்து அடைத்து, பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, "எழுந்திரிக்காதீங்க, எழுந்தா மறுபடி ஊத்தும்" என்றார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். தெரு விளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் எழுப்பி அனுப்பினார். நான் பெஞ்சில் கிடந்த அதே வேளையில், இருட்டும் நேரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுன் கரையில், ஓடத்துறைப் படிக்கட்டில் சோலை குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். அவனைக் கொன்றது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ரத்தச் சட்டை கொடியில் கிடந்தது. அம்மா அலசிப் போட்டும் கறை போகவில்லை. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்டேஷனில் நான் காதர் பாய் பெயரைச் சொல்லத்தான் செய்தேன். "அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்க" என்றார்கள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம் நடந்ததை எழுதப்போவதில்லை. உன் அம்மா முதல் தடவை ஜெயிலுக்குப் பார்க்க வந்தபோது என் கையைத் தூக்கிக் கும்பிடக்கூட முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அம்மா பிறந்ததிலிருந்து ஒரு வக்கீல் வீட்டு வாசலை மிதித்ததில்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டோன்மெண்டில் பெரிய வக்கீல் ஒருவர் வீட்டுக்குப் போனாள். குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கொலைக் கேஸுக்கு ஐயா வாங்கும் பீஸைச் சொன்னார். அம்மா எழுந்தாள். வாசல்வரை கூட வந்து அவர் சொன்னாராம்: "கவலைப்படாதம்மா. செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கேஸ் போனா சர்க்காரே ஒரு வக்கீல் வெக்கும். ஸ்டேட் பிரீஃப்னு பேரு. அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருக்கச் சொல்லு." அந்த 'அதுவரைக்கும்' என்ற சொல்லில்தான் தம்பி, என் கழுத்து மாட்டிக்கொண்டது.

செஷன்ஸுக்குப் போவதற்கு முன்னால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு விசாரணை உண்டு. அப்போதெல்லாம் சாட்சிகள் அங்கேயே வந்து முழுசாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் எனக்கு வக்கீல் கிடையாது, சர்க்காரும் வைக்காது. ஓடத்துறை பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் கூண்டில் ஏறினார். "இந்த ஆளு சட்டையெல்லாம் ரத்தத்தோட பாலத்துப் பக்கம் ஓடினதைப் பாத்தேனுங்க" என்றார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "கேள்வி ஏதாவது கேக்கணுமா?" என்றார். வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பொய் சொல்கிறாரே என்று நெஞ்சு கொதித்தது. "நான் எங்கங்க ஓடினேன்? நடந்துதானே போனேன்?" என்று கேட்டுவிட்டேன். மாஜிஸ்திரேட் தலையை நிமிர்த்தி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. ரத்தச் சட்டையோடு அந்த இடத்தில் இருந்ததை என் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். எந்த வேளையில் என்று கேட்கத் தெரியவில்லை. ஓடினேனா நடந்தேனா என்பதுதான் அந்தக் கணத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஜெயிலில் என் பக்கத்தில் மாரிமுத்து என்று ஒருவன் இருந்தான். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்தவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன்மேலும் கொலைக் கேஸ்தான், ஆனால் அவன் கதை வேறு. வாய்க்காலில் மடை திறப்பதில் தகராறு. பண்ணையாருடைய ஆள் அரிவாளோடு வந்து முதல் வெட்டு வெட்டியிருக்கிறான். மாரிமுத்து இடது கையால் தடுத்திருக்கிறான். வலது கையில் இருந்த மண்வெட்டியால் ஒரே அடி. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரிமுத்துவின் இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தழும்பு ஓடும். ஜெயிலுக்கு வந்த நாளில் காயம் சீழ் பிடித்திருந்ததாம், ஜெயில் டாக்டர்தான் தையல் போட்டாராம். தினமும் தட்டை நீட்டி அவன் கஞ்சி வாங்கும்போது அந்தத் தழும்பு என் கண்ணெதிரே இருக்கும். "வக்கீல் வந்ததும் முதல்ல இந்தக் கையைக் காட்டுடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "காட்டாம இருப்பனாண்ணே" என்பான்.

எங்கள் இரண்டு பேர் கேஸும் ஒரே செஷன்ஸில்தான் வந்தது. இரண்டு பேருக்கும் சர்க்கார் வக்கீல் நியமித்தார்கள். சர்க்கார் வக்கீல் என்றதும் எதிர்த்தரப்பு என்று நினைத்துவிடாதே. எங்களுக்காகப் பேச சர்க்கார் பீஸ் கொடுத்து வைக்கும் வக்கீலைத்தான் சொல்கிறேன். இரண்டு வக்கீலுக்கும் ஒரே பீஸ். மாரிமுத்துவுக்குக் கிடைத்தவர் ஊரில் பெயர் தெரிந்தவர், நிறையக் கேஸ் நடத்துகிறவர். கேள்விப்பட்டதும் மாரிமுத்துவின் பெண்சாதி சமயபுரத்துக்கு நடந்தே போய்வந்தாள். எனக்குக் கிடைத்தவர் வரதன் என்று ஸ்ரீரங்கத்துப் பையன். ஆமாம், பையன் என்றுதான் தோன்றியது. கறுப்புக் கோட்டு தோளில் நிற்காமல் தொங்கியது. அன்றைக்கு ஜெயிலில் மாரிமுத்துவுக்காக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். என்னைப் பார்த்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்போலச் சொன்னார்கள்.

நியமித்த வாரமே வரதன் வக்கீல் ஜெயிலுக்கு வந்துவிட்டார். மரப் பெஞ்சில் எதிரே உட்கார்ந்தார். என்னை 'நீங்க' என்றார். பிடிபட்ட நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.  அவர் காத்திருந்தார்.

"கொலை பண்ணேளா இல்லையான்னு நான் கேக்கல. அன்னிக்குக் காலமே எழுந்ததுலேர்ந்து படுக்கப் போற வரைக்கும் என்னென்ன பண்ணேள், அதை மட்டும் சொல்லுங்கோ. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதேங்கோ."

சொன்னேன். மூக்கில் குத்து வாங்கியதைச் சொன்னேன், பாலத்தில் நடந்து வந்ததைச் சொன்னேன், பஞ்சு வைத்ததைச் சொன்னேன். பஞ்சு என்றதும் அவர் பேனா நின்றது.

"யார் வெச்சா?"

"கம்பவுண்டருங்க. காதர் பாய்."

"எவ்வளவு நாழி அங்க இருந்தேள்?"

"விளக்கு வெச்சப்பறம்தாங்க எழுப்பி விட்டாரு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "இதை ஏன் கீழ்க்கோர்ட்டுல சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே" என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார்.

அன்று அங்கிருந்து நேரே திருவானைக்காவலுக்கு சைக்கிளில் போயிருக்கிறார். டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், கம்பவுண்டர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வெற்றிலைக் கடையில் யாரோ சொன்னார்கள். பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனார், இல்லை. மறுபடி போனார். சாட்சியைத் தேடிப்போகிற செலவு சர்க்கார் கொடுக்கும் பீஸில் சேராது தம்பி. அதை நீ உன் ஆபீஸ் காகிதங்களில் பார்க்க முடியாது. பஸ் சார்ஜெல்லாம் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போனது.

இதற்குள் மாரிமுத்துவின் விசாரணை வந்துவிட்டது. காலையில் விலங்கு மாட்டி அழைத்துப் போகும்போது, "வக்கீல் வந்து பாக்கவே இல்லையேண்ணே" என்றான். "கோர்ட்டுல பாப்பாரு. கையைக் காட்ட மறந்துடாதே" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தவன் தட்டைத் தொடவில்லை. நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னான். கேஸ் கட்டு வக்கீல் கைக்குக் காலையில்தான் வந்திருக்கிறது. வராந்தாவில் நின்றபடியே புரட்டியிருக்கிறார். இன்னொரு கோர்ட்டில் அவருக்கு வேறு கேஸ் காத்திருந்தது. கூண்டுக்குப் பக்கமாக வந்து, "ஜட்ஜ் எது கேட்டாலும் இல்லை, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். இவன் "ஐயா, கை..." என்றிருக்கிறான். "பேசாதே, ஜட்ஜ் வரார்" என்று பதில் வந்திருக்கிறது. ஜட்ஜ் கேட்டபோது இவனும் சொன்னபடியே சொல்லிவிட்டான். தெரியாது, நான் அடிக்கவில்லை, அங்கே நான் இல்லை. வெட்டு வாங்கிய கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு அங்கே நான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா, ஜட்ஜுகிட்டயே கையை நீட்ட வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"வக்கீல் பேசாதேன்னாரேண்ணே. எனக்காக சர்க்கார் வெச்ச வக்கீல். அவருக்குத் தெரியாதா?"

இரண்டு நாளில் கேஸ் முடிந்துவிட்டது. தூக்கு என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் அவனை எங்களோடு விடவில்லை, தனிக் கொட்டடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் படுத்திருந்த இடம் என் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அடுத்த வாரம் என் விசாரணை. கண்ணை மூடினால் மாஜிஸ்திரேட் குனிந்து எழுதிக்கொண்டதுதான் தெரியும். பெயர் பெற்ற வக்கீல் கிடைத்தவனுக்கே இப்படி என்றால், தோளில் கோட்டு நிற்காத பையனை நம்பி நான் எப்படிப் பிழைப்பேன் என்று மனது அரித்தது. உன் அம்மா பார்க்க வந்தபோது, "புள்ளையைப் படிக்க வெச்சிடு" என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாமல் நின்றாள். "நீங்க வந்து வெய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் விசாரணையில் முதல் இரண்டு நாள் மண்டி ஆட்கள். 'விடமாட்டேன்' என்று நான் கத்தியதைச் சொன்னார்கள். வரதன் வக்கீல் அவர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "அதுக்கப்பறம் சோலையைப் பார்த்தேளா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் மண்டி மூடும்வரை சோலை அங்கேதான் வேலை செய்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இதை எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் கீழ்க்கோர்ட்டில் நான் கேட்ட கேள்வியைப் படித்துக் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவனே ஒப்புக்கொண்டிருக்கிறான் பாருங்கள் என்றார். ஜட்ஜ் என்னைப் பார்த்தார்.  கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வரதன் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"உங்க கடையில பன்னு, பிஸ்கோத்தெல்லாம் உண்டோ?"

"உண்டுங்க."

"யார் ஜாஸ்தி வாங்குவா?"

"ஸ்கூல் பசங்கதாங்க."

"இவரை நீங்க பாத்தப்போ பசங்க வந்தாச்சா?"

டீக்கடைக்காரர் யோசித்தார். நேர்மையான மனிதர் தம்பி. பொய் சொல்ல வந்தவர் இல்லை. "அப்பத்தாங்க ஸ்கூல் விட்டுக் கும்பலா வந்தாங்க. ஒரு பய இவரு சட்டையைப் பாத்துட்டு, ரத்தம்டான்னு கத்தினான். அதைக் கேட்டுத்தான் நானும் நிமிந்து பாத்தேன்."

"கடையில விளக்கேத்தியாச்சா?"

"இல்லீங்க. வெயில் நல்லா இருந்திச்சு."

 சோலையை மண்டி மூடும்வரை உயிரோடு பார்த்தவர்கள் முந்தாநாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. வெயிலில் போனவன் இருட்டும்போது திரும்பி வந்திருக்கலாமே என்றார். ஜட்ஜும் தலையை ஆட்டினார். இருட்டும்போது நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல காதர் பாய் வந்தாக வேண்டும். வரதன் வக்கீல் மூன்றாம் தரம் புதுக்கோட்டை போய் ஆளைக் கண்டுபிடித்துச் சம்மனும் அனுப்பியிருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். வராந்தா காலியாக இருந்தது.

"இன்னும் ஒரு நாள் வாய்தா வேணும்" என்றார் வரதன் வக்கீல். ஜட்ஜுக்கு எரிச்சல். ஸ்டேட் பிரீஃபுக்கெல்லாம் இவ்வளவு நாள் இழுக்கிறதா என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். வரதன் வக்கீலின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை. "இந்த சாட்சி வராம தீர்ப்பாச்சுன்னா, அப்பறம் வந்து பிரயோஜனம் இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டேயிருந்தார். ஜட்ஜ் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார்.  கடைசியில், "நாளைக் காலை. அதற்கு மேல் கிடையாது" என்றார்.

மறுநாள் காதர் பாய் வந்தார். அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் லீவு கொடுக்கவில்லையாம். வேலை போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறியிருக்கிறார். கூண்டில் ஏறியதும் என்னைத்தான் முதலில் பார்த்தார். "மூக்கு சரியாப் போச்சுங்களா?" என்றார். கோர்ட் என்பதையே மறந்து கேட்டுவிட்டார். ஜட்ஜ்கூட அதட்டவில்லை. பஞ்சு வைத்தது, பெஞ்சில் படுக்க வைத்தது, சட்டை முழுக்க ரத்தமாக இருந்தது, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகைக்குப் போகவேண்டும் என்று நான் எழுந்திருக்கக் காத்திருந்தது, பொறுக்கமுடியாமல் டிஸ்பென்சரியிலேயே தொழுதது, பிறகுதான் என்னை எழுப்பியது என்று எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணிக்கு மேல் குடைந்தார். பாய் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விடுதலை என்று ஜட்ஜ் படித்தபோது எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள்தான், "போய்யா, இறங்கிப் போ" என்றார்.

ஒரு வாரம் கழித்து நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில் வரதன் வக்கீல் வீட்டுக்குப் போனோம். ஒரு தார் பூவன் பழம் கொண்டுபோயிருந்தோம். அவர் காலில் விழப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "பெருமாள் கிருபை. நான் என்ன பண்ணிட்டேன்?" என்றார். மாரிமுத்துவுக்கு வைத்த வக்கீல் செய்யாததை நீங்கள் செய்தீர்கள் என்று அம்மா அவன் கதையைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. 

"அவரைக் குத்தம் சொல்லாதேங்கோம்மா. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்னிக்கு நாலு கேஸ். கட்டு கைக்கு வந்ததே காலமேதான். எனக்கு உங்க ஆத்துக்காரர் கேஸை விட்டா வேற கேஸே இல்லை. சும்மா உக்காந்திண்டிருந்தேன், அதனால ஜெயிலுக்கு வந்தேன். அடுத்த வருஷம் எனக்கும் நாலு கேஸ் வந்துதுன்னா, அந்த பீஸுக்குப் புதுக்கோட்டைக்கு மூணு தரம் போவேனான்னு எனக்கே தெரியல."

தம்பி, அந்த வார்த்தை கேட்ட நாளிலிருந்து எனக்குள் அடங்கவில்லை. நான் உயிரோடு இருப்பதற்கு நான் நிரபராதி என்பது காரணம் இல்லை. என் வக்கீலுக்கு வேறு வேலை இல்லாமல் போனதுதான் காரணம். மாரிமுத்து செய்த ஒரே தப்பு, கைராசிக்காரர் என்று பெயரெடுத்த வக்கீல் கிடைத்தது.

மாரிமுத்துவின் தழும்பைப் பற்றி வரதன் வக்கீல் மெட்ராஸில் ஹைகோர்ட்டில் அவனுக்காக வைத்த வக்கீலுக்கு எழுதினார். பதில் வந்தது. கீழே சாட்சியத்தில் இல்லாத விஷயத்தை மேலே சொல்ல முடியாது, அதோடு அங்கே நான் இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறானே என்று எழுதியிருந்தார். கழுத்து மட்டும் தப்பியது. தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். போன வருஷம்தான் வெளியே வந்தான். அவன் பெண்சாதி இடையிலேயே செத்துப்போனாள்.

உன் சூப்ரண்டு கேட்பதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஜனங்களுடைய வரிப் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேருக்குத் தண்டனை ஆனது என்று பார்த்து அந்தச் செலவை நிறுக்க முடியாது. நான் எடை போட்டுப் பிழைத்தவன், அதனால் சொல்கிறேன். உன் காகிதத்தில் நானும் மாரிமுத்துவும் ஒரே தொகைதான். எனக்குக் கொடுத்தது வீண் போகவில்லை, அவனுக்குக் கொடுத்தது வீண் என்று உன் சூப்ரண்டு படிப்பார். அவனுக்குக் கொடுத்தது வீண்தான். ஆனால் அவனுக்கு வக்கீல் வைத்ததால் அது வீணாகவில்லை. வக்கீல் என்ற பெயருக்கு ஒருவரை நிற்க வைத்துவிட்டு, அவர் ஜெயிலுக்கு வரவும், கட்டைப் படிக்கவும், சாட்சியைத் தேடவும் வழி செய்யாமல் விட்டதால் வீணானது. இன்னும் குறைத்தால் வரதனைப் போன்றவரும் வரமாட்டார். கட்டு எப்போது கைக்கு வந்தது, வக்கீல் கைதியைப் பார்த்தாரா, கீழ்க்கோர்ட்டில் அவனுக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுது. யாரும் உன்னைக் கேட்கச் சொல்லவில்லை என்றாலும் கேள். புதிதாக வேலையில் சேர்ந்தவன் இப்படியெல்லாம் எழுதலாமா என்று நீ தயங்குவாய். ஜட்ஜுக்கு முன்னால் நின்றவரும் புதிதாகச் சேர்ந்தவர்தான். அவர் உட்கார்ந்திருந்தால் நீ இந்த வேலையில் இருந்திருக்க மாட்டாய்.

நீ போன மறுநாள் பஸ் ஏறி மாரிமுத்துவைப் பார்க்கப் போனேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைவிட மூத்தவன் போலிருக்கிறான். உன்னைப் பற்றிச் சொன்னேன். என் பையன் கோட்டையில் இருக்கிறான், சர்க்கார் வக்கீல் வைக்கிறதைப் பற்றி எழுதப்போகிறான், அவனிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். அவன் கை நிற்கவில்லை. திரித்துக்கொண்டே சொன்னான்.

"என்னத்தண்ணே சொல்றது? அந்த வக்கீல் மேல எனக்கு வருத்தமில்ல. இப்ப அவரு எதிர்ல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது. ரெண்டு நாளும் எனக்கு முன்னாடி ஜட்ஜைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அவரு முதுகு மட்டுந்தாண்ணே எனக்கு ஞாபகம் இருக்கு."

அப்பா